கதிரை கேட்ட சங்கம்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. போர் நடந்த இடங்களில் மக்கள் தாங்களாகவே கூடி நடத்தும் சிறிய சங்கங்களுக்கு நிதி கொடுப்பது எங்கள் வேலை. பணம் வெளிநாடுகளிலிருந்து வந்தது. அது யாருக்குப் போக வேண்டும் என்பதைக் கொழும்பிலிருந்த ஐந்து பேர் கொண்ட குழு ஒன்று தீர்மானித்தது. தமிழில் வரும் விண்ணப்பங்களைப் படித்து, ஆங்கிலத்தில் சுருக்கி, அந்தக் குழுவின் முன் வைப்பது என் பொறுப்பு. குழுவுக்குப் போகத் தகுதியில்லாதவற்றை நானே ஒதுக்கிவிடலாம். அந்த அதிகாரமும் எனக்கு இருந்தது.

வருகிற விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். கோழி, ஆடு, தையல் மெஷின். நாங்கள்தான் அதற்குக் காரணம். எங்களைப் போன்றவர்கள் முன்பு எதைக் கொடுத்தார்களோ அதைத்தான் சனம் திரும்பத் திரும்பக் கேட்டது. எது கேட்டால் கிடைக்கும் என்பது வன்னியின் மூலை முடுக்கெல்லாம் தெரிந்திருந்தது.

அப்படியிருக்க ஒரு நாள், முல்லைத்தீவுப் பக்கத்து உட்கிராமம் ஒன்றின் மாதர் சங்கத்திடமிருந்து ஒரு விண்ணப்பம் வந்தது. உட்காரப் பிளாஸ்டிக் கதிரைகளும், சமைக்கப் பெரிய கிடாரங்களும், ஒரு பந்தலும் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். 'ஊரின் நல்லது கெட்டதுக்குப் பாவிக்க' என்று காரணம் எழுதியிருந்தது. படிவத்தில், 'இத்திட்டத்தால் சமூகத்தில் ஏற்படவுள்ள மாற்றம்' என்ற கட்டத்துக்கு முக்கால் பக்கம் இடம் விட்டிருந்தோம். மற்றச் சங்கங்கள் அந்த இடம் போதாமல் மேலும் தாள் இணைத்து அனுப்பும். இவர்கள் இரண்டே சொல் எழுதியிருந்தார்கள்.

'சனம் வரும்.'

நான் சிரித்துவிட்டு அதை ஒதுக்கினேன். வருமானம் தராத திட்டங்களை எங்கள் குழு எடுப்பதில்லை. மூன்று மாதம் கழித்து அதே சங்கத்திடமிருந்து இரண்டாவது விண்ணப்பம் வந்தது. மையின் நிறம் மட்டும் மாறியிருந்தது, சொற்கள் மாறவில்லை. அதையும் ஒதுக்கினேன்.

மூன்றாவது முறை ஆளே வந்துவிட்டார்.

அவர் அந்தச் சங்கத்தின் செயலாளர். ஊரில் சிறுபிள்ளைகள்கூட அவரைச் 'செயலாளர் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். இங்கும் அவரைச் செயலாளர் என்றே எழுதுகிறேன். நாற்பது வயதிருக்கும். இராப் பயணம் செய்த பஸ்ஸிலிருந்து இறங்கி, வழியில் எங்கோ முகம் கழுவி, தலையை மறுபடி வாரிக்கொண்டு, நாங்கள் அலுவலகம் திறக்கும்போதே படியில் நின்றார்.

"எங்கட கடிதத்தை வாசிச்ச ஆள் ஆர்?"

"நான்தான்."

"அப்ப உங்களோடதான் கதைக்கோணும், மிஸ்."

உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தேன். எங்கள் விதிமுறைகளை விளக்கினேன். அவர் முழுவதும் கேட்டார்.

"தையல் மெஷின் எண்டால் தருவீங்களோ?"

"பெரும்பாலும் தருவினம்."

"எங்கட ஊரில வீட்டுக்கு வீடு மெஷின் கிடக்கு. தைக்கத் தெரிஞ்ச ஆக்களும் இருக்கினம். தைச்சதை வாங்கத்தான் ஆளில்லை."

அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார். அவர்களுடைய ஊருக்குத் திரும்பி வந்தவர்கள் எல்லோரும் ஒரே அகதி முகாமிலிருந்து வந்தவர்கள் இல்லை. சிலர் அந்த ஊரைச் சேர்ந்தவர்களே இல்லை. காணி கிடைத்த இடத்தில் குடியேறியவர்கள். பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. போரின் கடைசிக் காலத்தில் யார் யாரைக் காட்டிக்கொடுத்தார்கள், யார் யாரை விட்டுவிட்டு ஓடினார்கள் என்று ஒவ்வொருவரிடமும் ஒரு கணக்கு இருந்தது. போன வருடம் ஊரில் ஒருவர் இறந்தபோது செத்த வீட்டுக்கு நாலு பேர்தான் போனார்கள். தூக்க ஆள் போதவில்லை.

"கடைசியா உழவு மெஷின் பெட்டியில வைச்சுத்தான் கொண்டுபோனது. பெண்சாதி பின்னால நடந்து போனவ. நான் படலையில நிண்டு பாத்தனான், மிஸ். நானும் போகேல்லை."

"ஏன் போகேல்லை?"

"போனால் எங்க இருக்கிறது? அந்த வீட்டில ஒரு பாய்தான் கிடந்தது. ஒரு தேத்தண்ணி தர வழியில்லாத ஆக்களைப் போய்ச் சங்கடப்படுத்தக் கூடாதெண்டு எல்லாரும் சொல்லிச்சினம். நானும் சொன்னனான். அது வெளியில சொல்லுற காரணம். உள்ளுக்க இருக்கிற காரணம் வேற. அதை நானும் எடுக்கேலாது, நீங்களும் எடுக்கேலாது. ஆனால் வெளியில சொல்லுற காரணத்தை நாங்கள் எடுத்துப்போட்டமெண்டால், பேந்து அவை வராமல் இருக்கிறதுக்கு என்ன சொல்லுவினம்?"

எத்தனையோ பயிற்சிப் பட்டறைகளில் நான் குறிப்பெடுத்திருக்கிறேன். நல்லிணக்கம் பற்றி அவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. இரண்டு முறை சிரித்து ஒதுக்கியதை நினைத்து வெட்கமாக இருந்தது. அந்த வாரமே குழு கூடவிருந்தது. அதுவரை தங்க முடியுமா என்று கேட்டேன். கொட்டாஞ்சேனையில் தெரிந்த ஒரு வீடு இருக்கிறது என்றார்.

குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஓய்வுபெற்ற சட்டத்தரணி ஒருவர், சிங்களப் பெண்மணி. நேர்மையானவர், ஏழைகளுக்காக எத்தனையோ வழக்குகளைக் கட்டணம் வாங்காமல் பேசியவர். தமிழ் தெரியாது. செயலாளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் மொழிபெயர்த்தேன். வழமையான கேள்விகள் முடிந்ததும், தலைவி சற்று முன்னால் சாய்ந்து மெதுவாக ஒன்று கேட்டார். போரில் உங்களுக்கு என்ன நடந்தது என்று எங்களுக்குச் சொல்ல முடியுமா?

எங்களிடம் வருகிற எல்லோரிடமும் கேட்கப்படும் கேள்விதான் அது. பலர் அதற்குத் தயாராகவே வருவார்கள். சொல்லும்போது அழுவார்கள், கேட்கும் எங்கள் கண்ணும் கலங்கும், அதன் பிறகு நிதி கிடைக்கும். அந்த ஒழுங்கில் என்ன பிழை என்று நான் யோசித்ததே இல்லை.

செயலாளர் மேசையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்.

"அது உங்களுக்கு எதுக்கு? கதிரைக்கு அது தேவையில்லைத்தானே. எனக்கு நடந்ததைச் சொன்னால் கதிரை தருவீங்கள். கனக்க நடந்தவைக்குக் கனக்கக் கதிரை, கொஞ்சம் நடந்தவைக்குக் கொஞ்சக் கதிரையோ? நான் எனக்குக் கேட்டு வரேல்லை. ஊருக்குக் கேட்டு வந்தனான்."

இதை அப்படியே சொன்னால் காரியம் கெட்டுவிடும் என்று பயந்தேன். அதைப் பற்றிப் பேசுவது அவருக்குச் சிரமமாக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் ஒரே வரியில் சொன்னேன். தலைவி பரிவோடு தலையசைத்தார். அந்த நேரம் பார்த்துக் கரையோர ரயில் ஒன்று போனது.

அதன் சத்தம் அடங்கியதும் செயலாளர் என் பக்கம் திரும்பினார்.

"மிஸ், நான் சொன்னது நீளம். நீங்கள் சொன்னது கட்டை. 'டிஃபிகல்ட்' எண்ட சொல் எனக்கு விளங்கும். எனக்குக் கஷ்டமெண்டு நான் சொல்லேல்லையே."

குரலில் கோபமே இல்லை. பிள்ளைக்கு ஒரு கணக்கைத் திருத்திக் கொடுப்பது போல இருந்தது. நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பிழையாக மொழிபெயர்த்துவிட்டேன் என்று குழுவுக்குச் சொல்லி, இந்தமுறை அவர் சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன்.

தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். காரியம் கெட்டது என்றுதான் நினைத்தேன். அவர் என்னை விட்டுவிட்டு நேரே செயலாளரைப் பார்த்துச் சிங்களத்தில் ஒரே சொல்லில் மன்னிப்புக் கேட்டார்.

"சமாவென்ன."

"பரவாயில்லை," என்றார் செயலாளர். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

குழுவில் கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த முஸ்லிம் வியாபாரி ஒருவர் இருந்தார். கூட்டங்களில் அதிகம் பேசாதவர். அன்று அவர்தான் பேசினார், முதலில் தமிழில், செயலாளரிடம்.

"என்ட வாப்பா மௌத்தான நேரம் எங்கட ஊட்டுல ரெண்டே ரெண்டு கதிரதான் இருந்த. பள்ளியில இருந்து தேக்சாவும் வந்த, கதிரையும் வந்த, பாயும் வந்த. ஆருட ஊடு, என்ன ஆளு எண்டு பள்ளியில ஒருத்தரும் கேக்கல்ல. அண்டைக்குத்தான் இந்த மஹல்லாவுல எங்களுக்கும் ஆளீக்கிறாங்க எண்டு எங்கட உம்மாக்குத் தெரிஞ்ச. நீங்க கேக்கிறது அதுதானே?"

"ஓம். அதேதான்," என்றார் செயலாளர். வந்த நாளிலிருந்து அவர் முகம் மலர்ந்து நான் பார்த்தது அப்போதுதான்.

தகப்பன் இறந்த அன்று பள்ளிவாசல் தன் வீட்டுக்குக் கதிரையும் சமையல் பாத்திரமும் அனுப்பியதை வியாபாரி ஆங்கிலத்திலும் மற்றவர்களுக்குச் சொன்னார். நிதி கிடைத்தது. ஒரு நிபந்தனை இருந்தது. நிதியத்தின் பெயர் ஒவ்வொரு கதிரையின் முதுகிலும் அச்சிடப்பட வேண்டும். பணம் தருகிறவர்கள் அதை எதிர்பார்ப்பார்கள். நான் இதைச் சொன்னதும் செயலாளர் கொஞ்சம் யோசித்தார்.

"மிஸ், தாய் செத்து அழுதுகொண்டிருக்கிறவன்ட முதுகுக்குப் பின்னால உங்கட பேர் தெரியோணுமோ?"

இந்தமுறை நான் எதையும் விடாமல் மொழிபெயர்த்தேன். தலைவி வாய்விட்டுச் சிரித்தார். கடைசியில் பெயரைக் கதிரைக்கு அடியில் எழுதலாம் என்று முடிவானது. கவிழ்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்த இரண்டு நாளும் நானும் அவரும் கொட்டாஞ்சேனையில் கடை கடையாக ஏறி இறங்கினோம். வியாபாரி சொல்லிவைத்த இடத்தில் கதிரை பார்த்தோம். எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தன. செயலாளர் கடையில் இருந்த மிகப் பருத்த மனிதரைக் கண்டுபிடித்து, "அண்ணை, இதில ஒருக்கா இருங்கோ. வடிவாச் சாய்ஞ்சு இருங்கோ," என்றார். அந்த மனிதரும் சிரித்துக்கொண்டே ஒவ்வொரு ரகமாக உட்கார்ந்து காட்டினார். கால் வளைந்த கதிரைகளை எல்லாம் செயலாளர் வேண்டாமென்றார். கலியாண வீட்டில் ஒருவர் ஒரு மணித்தியாலம் இருப்பார், செத்த வீட்டில் விடிய விடிய இருப்பார், அதற்குத் தாங்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு. கிடாரத்தை இரண்டு கையாலும் அணைத்து அளந்தார். அகப்பையின் பிடி நீளமாக இருக்கிறதா, அடுப்புச் சூடு கைக்கு வருமா என்று பார்த்தார்.

பாத்திரக் கடை முதலாளி மலையகத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் நிலைத்தவர். செயலாளரின் பேச்சும் பேரம் பேசிய விதமும் அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. உள்ளே போய் ஒரு பெரிய நீலச் சுருளைத் தூக்கி வந்தார்.

"அக்கா, பந்தலுக்கு இந்தத் தறப்பாள நான் சும்மாவே தாறேங்க. நல்ல சாமான். பத்து வருஷம் மழை தாங்கும்."

செயலாளர் அதைத் தொடவில்லை. ஒரு அடி பின்னால் வைத்தார்.

"வேண்டாம் அண்ணை."

"காசு வேணாங்க, சும்மாதான்..."

"விளங்குது. உங்கட மனசுக்குப் பெரிய நன்றி. தறப்பாள் மட்டும் வேண்டாம். பந்தலுக்குத் துணி போடுறம். மழைக்குத் தகரம் போடுறம்."

முதலாளி என்னைப் பார்த்தார், நான் வேண்டாமென்று தலையை ஆட்டினேன். அவர் மேலே எதுவும் கேட்காமல் சுருளை எடுத்துக்கொண்டு உள்ளே போய், அதற்குப் பதிலாக இரண்டு பெரிய தேநீர்க் கேத்தல்களைக் கொண்டுவந்து கிடாரத்துக்குள் வைத்தார்.

கணக்கு முடிக்க அலுவலகத்துக்குச் செயலாளரும் வந்தார். வெள்ளவத்தைக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இருந்தார். பஸ் கோட்டையைத் தாண்டிய பிறகு, நான் எதுவும் கேட்காமலே சொன்னார்.

"முகாமில மூண்டு வருஷம் அந்தத் தறப்பாளுக்குக் கீழதான் இருந்தனாங்கள். வெயில் ஏறினால் அது ஒரு மணம் மணக்கும்."

போரைப் பற்றி அவர் என்னிடம் சொன்னது அவ்வளவுதான். இத்தனை வருடப் பழக்கத்தில் அதற்கு மேல் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

கதிரைகள் லொறியில் போய்ச் சேர்ந்து ஆறு வாரத்தில் அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. ஊரில் ஒருவர் இறந்துவிட்டார். ஊரே ஒதுக்கிவைத்திருந்த ஆள். முகாமில் இருந்தபோது பிள்ளைகளை இராணுவத்துக்குக் காட்டிக்கொடுத்தார் என்று அவரைப் பற்றிக் கதை இருந்தது. உண்மையா பொய்யா என்று யாருக்கும் தெரியாது. அவர் வீட்டுக்குக் கதிரை கொடுக்கக் கூடாது என்று சங்கத்துக்குள்ளேயே சிலர் நின்றார்கள்.

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?" என்று கேட்டேன்.

"நான் ஒண்டும் புதுசாச் சொல்லேல்லை, மிஸ். சங்கத்தின்ட யாப்பில எழுதின விதியை எடுத்து வாசிச்சனான். 'ஊரில் எவர் இறந்தாலும்' எண்டு எழுதிக் கையெழுத்து வைச்சனாங்கள். எழுதேக்க இந்த ஆள் முதல் சாவார் எண்டு ஆர் நினைச்சது?"

இரண்டு மணி நேரம் சண்டை நடந்ததாம். முடிவில் எட்டுப் பெண்கள் கதிரைகளைத் தலையில் வைத்துத் தூக்கிப் போனார்கள். கொண்டுபோனவர்கள் போட்டுவிட்டு வர முடியாது. அடுக்க வேண்டும், பந்தல் கட்ட வேண்டும். கட்டினால் தேநீர் போட வேண்டும். தேநீர் போட்டால் யாராவது குடிக்க வேண்டும். தங்கள் மனைவிமார் அங்கே நிற்பதைப் பார்த்து ஆண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். யாரும் அதிகம் பேசவில்லை, ஆனால் இருந்தார்கள். மறுநாள் தூக்க ஆள் இருந்தது.

"எல்லாரும் வந்தவையோ?"

"இல்லை. ஒரு வீடு வரேல்லை. படலையைப் பூட்டிப்போட்டு உள்ளுக்க இருந்தவை. அப்ப பிடிச்சுக்கொண்டுபோன அவையின்ட பெடியன் இன்னும் வரேல்லை, மிஸ். அது அவையின்ட நியாயம். அவையை ஒருத்தரும் ஒண்டும் சொல்லக் கூடாதெண்டும் சங்கத்தில தீர்மானிச்சனாங்கள்."

பூட்டிய படலைக்கும் இடம் விட்ட அந்தத் தீர்மானத்தை நான் இன்றும் வியக்கிறேன். எங்கள் அறிக்கைகளில் அதை எழுத ஒரு கட்டம் கிடையாது.

அதன் பிறகு அவர் கொழும்புக்கு வரும்போதெல்லாம் என் வீட்டில்தான் தங்குவார். 'மிஸ்' போய் 'அக்கா' ஆகிவிட்டேன். போன வருடம் சங்கத்துப் பெண் ஒருவருக்குக் களுபோவில ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை. துணைக்கு வந்த செயலாளர் பத்து நாள் என்னோடு இருந்தார். காலையில் கஞ்சி காய்ச்சிக்கொண்டு தெஹிவளைப் பக்கத்தால் பஸ் ஏறிப் போவார், பின்னேரம் வருவார். அப்படி ஒரு பின்னேரம், வெங்காயம் உரித்துக்கொண்டே ஒரு செய்தி சொன்னார்.

கதிரையை வெளியூர்க்காரருக்கு வாடகைக்கு விட்டுச் சேர்த்ததில் சங்கம் இன்னொரு தொகுதி வாங்கியிருந்தது. அதை ஆற்றுக்கு அங்காலுள்ள சிங்களக் கிராமம் ஒன்றின் பெண்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கே ஒரு தாய், போரில் இறந்துபோன மகனுக்காக வருடாவருடம் பிக்குகளை அழைத்துத் தானம் கொடுக்கிறவர், ஒருமுறை வந்து கதிரை இரவல் கேட்டாராம். அப்படித் தொடங்கிய பழக்கம்.

"குடுக்கிறதுக்கு ஒருத்தரும் எதிர்ப்பில்லையோ?"

"இல்லாமல்? ரெண்டு பேர் சங்கத்தை விட்டே போட்டினம். ஒராள் திரும்பி வந்திட்டா."

"அவையிட்ட படிவம் ஏதும் நிரப்பி வாங்கினீங்களோ?" என்று நான் பகிடியாகக் கேட்டேன்.

"இல்லை அக்கா, போய்ப் பாத்தனாங்கள். அவையிட்ட கிடாரம் இருந்தது, கதிரைதான் இல்லை. அதால கிடாரம் குடுக்கேல்லை."

நான் இருபது வருடம் செய்த வேலையை அவர் இரண்டு வரியில் செய்து முடித்திருந்தார்.

எங்கள் நிதியம் இப்போது மிகவும் சிறுத்துவிட்டது. பணம் தந்தவர்கள் வேறு நாடுகளின் போர்களுக்குப் போய்விட்டார்கள். மேல்மாடியை விட்டுவிட்டோம். நானும் ஓய்வுபெற்றுவிட்டேன். செயலாளர் மட்டும் சனிக்கிழமைகளில் தொலைபேசியில் பேசுவார். இரண்டு மாதத்துக்கு முன்பு எடுத்தபோது எடுத்த எடுப்பிலேயே கேட்டார்.

"அக்கா, அங்கால ஊரில அந்தத் தானம் குடுக்கிற அம்மான்ட மனுசன் செத்துப்போனார். நாங்கள் பத்துப் பேர் நாளைக்குப் போறம். சிங்களச் செத்த வீட்டில போய் என்ன சொல்லுறது? வீட்டுக்காரரிட்ட என்ன சொல்லித் துக்கம் விசாரிக்கிறது?"

நான் வாயைத் திறந்தேன். முப்பது வருடமாகக் கொழும்பில் இருக்கிறேன். கடைக்காரரோடும் பொலிசோடும் கச்சேரி அதிகாரிகளோடும் சிங்களத்தில்தான் காலம் தள்ளியிருக்கிறேன். விலை கேட்கத் தெரியும், முறைப்பாடு எழுதத் தெரியும். இது எனக்குத் தெரியவில்லை.

"பத்து நிமிஷம் பொறுங்கோ. திருப்பி எடுக்கிறன்," என்றேன்.

எங்கள் தொடர்மாடிக் குடியிருப்பில் கீழ் வீட்டில் ஒரு சிங்களத் தம்பதி இருக்கிறார்கள். எட்டு வருடமாகத் தண்ணீர் மோட்டரைப் பற்றித் தவிர வேறு எதுவும் பேசியதில்லை. படியிறங்கிப் போய் மணியை அடித்தேன். அந்த அம்மா கதவைத் திறந்து, நான் கேட்டதைக் கேட்டு, முதலில் என் வீட்டில்தான் யாரோ இறந்துவிட்டார்கள் என்று பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார். இல்லையென்று விளக்கினேன். உள்ளே கூட்டிப் போய் இருத்தினார். வெள்ளை உடுத்துப் போகச் சொல்லுங்கள், இறந்தவரின் முகம் பார்த்துக் கும்பிடச் சொல்லுங்கள், வீட்டுக்காரரிடம் இப்படிச் சொல்லச் சொல்லுங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லித்தந்தார். சொல்லித்தந்த வசனத்தை நான் இரண்டு முறை திருப்பிச் சொன்னேன். உச்சரிப்பைத் திருத்தினார்.

அங்கேயே இருந்துகொண்டு தொலைபேசியை எடுத்தேன். மறுபக்கத்தில் பெண்கள் பலருடைய குரல் கேட்டது. "பொறுங்கோ அக்கா, எழுதுறம்," என்றார் செயலாளர். நான் கீழ் வீட்டு அம்மாவிடம் தொலைபேசியைக் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொல்ல, முல்லைத்தீவிலிருந்து பத்துப் பேர் ஒன்றாகத் திருப்பிச் சொன்னார்கள்.